சோதனையில் தேறிய மகிழுந்தை நம்பலாமா?

பழைய மகிழுந்து ஒன்றை விற்பவர், "சோதனையில் தேறிவிட்டது" என்று கூறுகிறார். அந்தச் சொல்லை நம்பி உடனே வாங்கிவிடலாமா? பின்வரும் கட்டுரையை வாசித்து, உங்கள் கருத்தை உருவாக்கிக்கொள்க.

படிப்பை முடித்து முதல் வேலையில் சேரவிருக்கும் ஓர் அக்காவை எண்ணிப் பாருங்கள். வீடு சுங்கை பட்டாணியில், வேலை பட்டர்வொர்த்தில். இரவுப் பணி முடியும் நேரத்தில் வீடு திரும்பப் பேருந்து கிடைக்காது. புதிய மகிழுந்து வாங்கும் அளவுக்குக் குடும்பத்தில் சேமிப்பும் இல்லை. எனவே, பயன்படுத்தப்பட்ட சிறிய மகிழுந்து ஒன்றை வாங்கலாம் என வீட்டில் முடிவாகிறது.

விற்பவர் ஒரு தாளை நீட்டுகிறார். வாகனம் சோதனையில் தேறியதற்கான சான்று அது. அப்பாவின் முகம் மலர்கிறது. அம்மா மட்டும் தாளை வாங்கி இரண்டு முறை வாசிக்கிறார்.

"நடு இரவில் நெடுஞ்சாலையில் நின்றுவிடாது என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. ஏனெனில், ஒரு வாகனத்தைப் பற்றி நாம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். "இந்த வாகனம் இன்று சாலையில் ஓடத் தகுதியானதா?" என்பது முதல் கேள்வி. "இது நாளையும் அடுத்த ஆண்டும் பழுதில்லாமல் ஓடுமா?" என்பது இரண்டாவது கேள்வி. முதலாவது சாலைத் தகுதி; இரண்டாவது நம்பகத்தன்மை. இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை வேறு வேறு.

சிறிய மகிழுந்தும் மலேசியக் குடும்பமும்

1994ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனம் 'கஞ்சில்' என்னும் சிறிய மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. கஞ்சில் என்பது மலாய்மொழியில் சருகுமானைக் குறிக்கும். உருவத்தில் சிறியதாயினும் அறிவால் பெரிய விலங்குகளை வெல்லும் சருகுமானின் கதைகளை நாம் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் பெயருக்கேற்ப, 660 சிசி கொள்ளளவு கொண்ட மூன்று உருளை இயந்திரத்துடன் அந்த மகிழுந்து வந்தது. அதுவரை மோட்டார் சைக்கிளில் குழந்தைகளை முன்னும் பின்னும் அமர்த்திச் சென்ற பல குடும்பங்களுக்கு மழையில் நனையாமல் பயணம் செய்யும் வாய்ப்பை அது தந்தது. 2009ஆம் ஆண்டில் கஞ்சிலின் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, 2005ஆம் ஆண்டில் 'மைவி' சந்தைக்கு வந்துவிட்டது.

இத்தகைய சிறிய மகிழுந்துகளுக்குச் சில இயல்பான நன்மைகள் உள்ளன. அவற்றின் எடை குறைவு. அதனால், பிரேக், டயர், அதிர்வுதாங்கி ஆகியவை தாங்க வேண்டிய சுமையும் குறைவு. ஒரே வகை மகிழுந்து நாடெங்கும் பெருமளவில் ஓடுவதால், உதிரிப்பாகங்கள் சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் எங்கும் உள்ளனர்.

ஆனால், சிறிய மகிழுந்து பல கைகள் மாறுகிறது. முதலில் வாங்கியவர் சில ஆண்டுகளில் விற்கிறார். பிறகு, அது கல்லூரி மாணவரிடம் போகிறது. அவரிடமிருந்து புதிதாக உரிமம் பெற்ற இன்னொருவரிடம் போகிறது. கை மாற மாற, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, எங்கே மோதியது என்ற வரலாறு மறைந்துகொண்டே போகிறது. வாகனத்தின் வயது பதிவுச் சான்றில் இருக்கும். அது வாழ்ந்த வாழ்க்கை அதில் இராது.

சோதனை மையத்தில் நடப்பது என்ன?

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு முதல் கட்டாய வாகனச் சோதனைகளைப் புஸ்பாகோம் நிறுவனம் மேற்கொண்டு வந்துள்ளது. பேருந்து, சரக்குந்து போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சோதிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கடந்த இ-ஹெய்லிங் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. தனியார் மகிழுந்துகளுக்கோ, பொதுவாக உரிமையாளர் மாறும்போதுதான் சோதனை தேவைப்படுகிறது.

வாகனச் சோதனையின் முதல் படி அடையாளச் சோதனை. இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவில் உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று அதிகாரி பார்க்கிறார். திருடப்பட்ட வாகனமோ எண் மாற்றப்பட்ட வாகனமோ இந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

சோதனை மையத்தில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கேட்கின்றன. மகிழுந்து தரையில் பதித்த ஒரு தகட்டின்மேல் மெதுவாக ஓட்டப்படும்போது, சக்கரங்கள் நேராக உருண்டால் தகடு அசையாது. அவை கோணலாக இருந்தால் தகடு பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வைக் கருவி அளந்துவிடும். சக்கரம் கோணலாக ஓடினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்டீயரிங்கும் ஒரு பக்கமாக இழுக்கும்.

பிரேக் சோதனையில் சக்கரங்கள் சுழலும் உருளைகளின்மேல் நிறுத்தப்படுகின்றன. பிரேக்கை மிதித்தவுடன் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு உருளையை எதிர்க்கிறது என்பது திரையில் தெரியும். இங்கு மொத்த விசை மட்டும் முக்கியமன்று. இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடும் முக்கியம். ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தளர்வாகவும் பிடித்தால், மழைநாளில் திடீரென நிறுத்தும்போது மகிழுந்து ஒரு பக்கமாகச் சுழன்றுவிடக்கூடும்.

புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, வெளியேறும் வாயுவை அளக்கின்றனர். பெட்ரோல் இயந்திரம் எரிபொருளைச் சரியாக எரிக்கவில்லை என்றால், கார்பன் மோனாக்சைடு அளவு உயர்ந்துவிடும். மகிழுந்தின் அடிப்பகுதியும் கீழிருந்து பார்க்கப்படுகிறது. துரு, எண்ணெய்க் கசிவு, தளர்ந்த மூட்டுகள், வெடித்த ரப்பர் உறைகள் ஆகியவை அங்கேதான் தெரியும். மேலே பளபளக்கும் பல மகிழுந்துகள் கீழே தங்கள் வயதைக் காட்டிவிடும்.

இவை அனைத்தும் பயனுள்ள சோதனைகள். பிறர் உயிரையும் நம் உயிரையும் காப்பவை. எனினும், இவை அனைத்தும் ஒரே நாளில், சிறிது நேரத்தில் நடந்து முடிகின்றன. சோதனை முடிவு, வாகனத்தை அந்த நாளில் எடுத்த ஒரு நிழற்படம் போன்றது.

சோதனைத் தாள் சொல்லாதவை

மகிழுந்து நடுவழியில் நிற்பதற்குக் காரணம் என்ன? ஜெர்மனியில் 'ஏடிஏசி' என்னும் வாகனமோட்டிகள் சங்கம், உதவி கேட்டு அழைப்பவர்களின் பழுதுகளைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வெளியிட்டு வருகிறது. அந்தக் கணக்கில் தொடர்ந்து முதலிடம் பிடிப்பது பிரேக்கும் அன்று, டயரும் அன்று. இயந்திரத்தை இயக்கத் தொடங்கும் மின்கலமே வேறெந்தப் பாகத்தையும்விட அதிகமான பழுதுகளுக்குக் காரணமாகிறது.

இதை நன்கு கவனியுங்கள். சோதனை மையம் அளப்பது பிரேக், விளக்கு, சக்கரம், புகை போன்ற பாதுகாப்பு தொடர்பானவற்றை. மின்கலம் இன்னும் எத்தனை மாதங்கள் உழைக்கும் என்று அது அளப்பதில்லை. ஆகவே, எல்லாச் சோதனைகளிலும் தேறிய மகிழுந்து மறுநாள் காலையில் கிளம்ப மறுத்தால், சோதனையில் தவறு என்று பொருளில்லை. நாம் சோதனையிடம் அதன் வேலையல்லாத ஒன்றை எதிர்பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டின் வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. கடும் வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்; ரப்பர் குழாய்களை இறுகி வெடிக்கச் செய்யும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் குளிர்விப்புத் திரவத்திற்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே பல ஆண்டுகள் ஊற்றி வந்தால், உள்ளே துரு படியும். நீரோட்டம் தடைபடும். ஒரு நாள் போக்குவரத்து நெரிசலில் இயந்திரம் கொதித்துவிடும். சோதனை நடக்கும் சிறிது நேரத்தில் இந்தக் குறை வெளிப்படாமலேயே போகலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் இன்னொரு சிக்கல். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, ஷா ஆலம் பகுதியில் ஏராளமான மகிழுந்துகள் நீரில் மூழ்கின. மூழ்கிய வாகனத்தைக் கழுவி உலர்த்திவிட்டால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால், மின்கம்பிகளின் இணைப்புகளில் ஈரம் தொடங்கிய அரிப்பு பல மாதங்களுக்குப் பிறகே பழுதாக வெளிவரும்.

எண்களை எப்படி வாசிப்பது?

பிரிட்டனில் 1960ஆம் ஆண்டில் பழைய மகிழுந்துகளுக்குக் கட்டாயச் சோதனை தொடங்கியது. முதலில் பத்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்களே பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்டன. தேறாதவை பலவாக இருந்ததால், மறு ஆண்டே அந்த வரம்பு ஏழு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டில் அது மூன்று ஆண்டுகளானது. இன்று அந்நாட்டில் ஒரு வாகனத்தின் பதிவெண்ணைக் கொண்டு, அது எந்தெந்த ஆண்டில் தேறியது, எதனால் தேறவில்லை, அப்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது ஆகியவற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் புதிய மகிழுந்து மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதிக்கப்படுகிறது. அந்த முடிவுகள் வாகன வகை, வயது எனப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றன.

வயது வாரியாக ஏன் பிரிக்க வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 'அ' வகை மகிழுந்துகள் நூறு சோதிக்கப்பட்டு 90 தேறின. 'ஆ' வகை மகிழுந்துகள் நூறு சோதிக்கப்பட்டு 70 மட்டுமே தேறின. 'அ' வகையே சிறந்தது என்று உடனே கூறத் தோன்றும். ஆனால், 'அ' வகை மகிழுந்துகளின் சராசரி வயது 4 என்றும், 'ஆ' வகையின் சராசரி வயது 12 என்றும் தெரிய வந்தால்? இருபது வயது இளைஞரையும் அறுபது வயது முதியவரையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் ஓடவிட்டு, யார் உடலைப் பேணுபவர் என்று முடிவு செய்வதைப் போன்றது அது.

இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். முதலாவது, வாகனம் எவ்வளவு தூரம் ஓடியது? ஒரே வயதுடைய இரண்டு மகிழுந்துகளில் ஒன்று சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் போயிருக்கலாம். மற்றொன்று நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். இரண்டாவது, எதனால் தேறவில்லை? எரியாத விளக்கும் துருப்பிடித்த அடிச்சட்டமும் கணக்கில் 'தேறவில்லை' என்ற ஒரே கட்டத்தில் விழுகின்றன. முன்னதைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். பின்னது வாகனத்தின் ஆயுளையே முடித்துவிடலாம். மூன்றாவது, சோதனைக்கு வராதவை எவை? பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் சோதனைக்கு வருபவை நன்கு பேணப்பட்ட மகிழுந்துகள். பேணப்படாதவை அதற்குள் பழைய இரும்புக் கிடங்கைச் சேர்ந்திருக்கும். வந்தவற்றை மட்டும் எண்ணினால், அந்த வகை முழுவதும் உறுதியானது என்ற தவறான எண்ணம் உண்டாகும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் யார் சோதிப்பது?

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கும் எண்ணம் முன்வைக்கப்பட்டது. பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. பழைய சிறிய மகிழுந்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு அந்த அச்சம் இயல்பானது. வாகனம் தேறாவிட்டால் வேலைக்கு எப்படிப் போவது என்ற கவலை அதில் அடங்கியிருக்கிறது. மறுபுறம், அதே குடும்பம்தான் தேய்ந்த டயரோடும் தளர்ந்த பிரேக்கோடும் மழையில் பயணம் செய்கிறது என்பதும் உண்மை.

இதன் விளைவாக, ஒரு குடும்பம் பத்து ஆண்டுகள் ஒரே மகிழுந்தை வைத்திருந்தால், அந்தப் பத்து ஆண்டுகளும் கட்டாயச் சோதனை இன்றியே கழியலாம். சட்டம் கேட்காத காலத்தில், கேட்க வேண்டியவர் உரிமையாளரே.

அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்தின் நடுவே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். '2319' என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மாலையில் மகிழுந்தைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்குகளைப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரம் ஆறிய பிறகு எண்ணெயின் அளவையும் குளிர்விப்புத் திரவத்தின் அளவையும் பார்க்கலாம். இவற்றை ஒரு பள்ளி மாணவர்கூடச் செய்யலாம்.

மீண்டும் அந்தக் குடும்பத்திற்கு வருவோம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை அம்மா மறக்கவில்லை. விற்பவரைச் சாராத வேறொரு பட்டறைக்காரரிடம் மகிழுந்தைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறார். பட்டறைக்காரர் பாதுகாப்பு வாரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்கிறார். சேற்றுக் கறை இல்லை. தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் அடித்தண்டவாளத்தைத் தடவிப் பார்க்கிறார், துரு இல்லை. தூரமானி காட்டும் எண்ணை, மிதியின் ரப்பர் தேய்மானத்தோடும் பராமரிப்புப் புத்தகத்தோடும் ஒப்பிடுகிறார், மூன்றும் ஒத்துப்போகின்றன.

"வண்டி நல்ல வண்டிதான்கா. பின் டயர் ரெண்டும் காலாவதி. பேட்டரியையும் மாத்திடுங்க. அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்க" என்கிறார் அவர்.

விலை குறைகிறது. மகிழுந்து வீட்டுக்கு வருகிறது. அக்கா சோதனைச் சான்றை ஒரு கோப்பில் வைக்கிறார். அதே கோப்பில் ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தையும் வைத்து, முதல் பக்கத்தில் மின்கலமும் டயர்களும் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் எழுதுகிறார். சான்றிதழ் அவருக்கு முன் முடிந்துபோன ஒரு நாளைப் பற்றியது. அந்தப் புத்தகம் இனி வரும் நாள்களைப் பற்றியது. அம்மா கேட்ட கேள்விக்கான விடை, பக்கம் பக்கமாக அதில்தான் எழுதப்படும்.

அருஞ்சொற்பொருள்

சாலைத் தகுதி – சாலையில் பாதுகாப்பாக ஓடுவதற்கு ஏற்ற நிலை
நம்பகத்தன்மை – தொடர்ந்து பழுதின்றி இயங்கும் என்று நம்பத்தக்க இயல்பு
அடிச்சட்டம் – வாகனத்தின் உடலைத் தாங்கும் அடிப்பகுதி
அதிர்வுதாங்கி – மேடுபள்ளத்தால் உண்டாகும் குலுக்கலைக் குறைக்கும் பாகம்
தூரமானி – வாகனம் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் கருவி
அரிப்பு – ஈரம் முதலியவற்றால் உலோகம் சிறிது சிறிதாகச் சிதைதல்

கருத்துணர் கேள்விகள்

1. சாலைத் தகுதிக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பிரேக் சோதனையில் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையிலான வேறுபாடு ஏன் கவனிக்கப்படுகிறது?
3. 'சோதனை முடிவு ஒரு நிழற்படம் போன்றது' என்று கட்டுரையாளர் கூறுவதன் பொருள் யாது?
4. 'அ', 'ஆ' வகை மகிழுந்துகளின் கணக்கில், எது சிறந்தது என்று முடிவு செய்ய இன்னும் என்னென்ன விவரங்கள் தேவை?
5. பழைய மகிழுந்துகளுக்கு ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா? இரு தரப்பு நியாயங்களையும் ஆராய்ந்து, உங்கள் கருத்தை 150 சொற்களில் எழுதுக.

நடவடிக்கை

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள ஒரு வாகனத்தை அதன் உரிமையாளரின் துணையோடு பார்வையிடுக. டயரின் தயாரிப்பு வாரம், விளக்குகளின் நிலை, மின்கலம் கடைசியாக மாற்றப்பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக.